அண்ணன் நிற்கிறாரா, இல்லையா?

போன சனிக்கிழமை காலை. தைக்கக் கொடுத்திருந்த பேன்ட்டை வாங்க தேக்கா சந்தை மாடியிலுள்ள தையல்கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். தையல்காரர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இதைப் போன மாசந்தானே பிடிச்சுக் கொடுத்தேன்? மறுபடியுமா?"

"துவைச்சதுல தளந்துடுச்சு லா. ரெண்டு பக்கமும் ஒரு இன்ச் பிடிங்க."

துவைத்தால் சட்டை சுருங்கும்... தளருமா? தையல்காரர் டேப்பை எடுத்து அவர் மார்பைச் சுற்றி அளந்தார். அளந்ததை எழுதிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். சட்டைக்காரரும் திரும்பினார்.

வேலாயுதம் அண்ணன்.

எனக்குத் திக்கென்றது. ஒரே பேட்டையில் அடுத்தடுத்த அடுக்குமாடிப் புளோக்கில் குடியிருக்கிறோம். அவரைப் பின்னாலிருந்து எனக்கு அடையாளம் தெரியவில்லை என்றால், மனுஷன் எந்த அளவுக்கு இளைத்திருக்க வேண்டும்?

(வேலாயுதம் என்பது நான் வைத்த பெயர். அவர் சட்டையின் நிறத்தையும் சொல்ல மாட்டேன். இந்த ஊரில் ஒருவரின் சட்டை நிறத்தைச் சொன்னால் கட்சியைச் சொன்ன மாதிரி. கட்சியைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி.)

அண்ணனுக்கு எழுபத்தொரு வயது. ஓய்வுபெற்ற டெக்னீஷியன், ஓய்வே பெறாத எதிர்க்கட்சிக்காரர். மூன்று தேர்தலில் நின்று மூன்றிலும் தோற்றவர். அதற்குப் பிறகு கட்சி மாறினார். இப்போது புதுக் கட்சி, புதுச் சட்டை. அடுத்த தேர்தலிலும் நிற்பதா, வேண்டாமா என்பதுதான் இப்போது அவர் வீட்டில் நடக்கும் சண்டை.

எழுபத்தொரு வயதில் 'முடியவில்லை, ஆளை விடுங்கள்' என்று சொன்னால் யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்களுடையது குழுத்தொகுதி. ஐந்து பேர் ஒரு குழுவாக நிற்க வேண்டும். ஐவரில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. அண்ணனின் குழுவில் நால்வர் சீனர்கள். ஐந்தாவது ஆள் அண்ணன். அவர் இல்லையென்றால் மற்ற நால்வரின் வேட்புமனுவும் செல்லாது. அவர்கள் எத்தனை கெட்டிக்காரர்களாக இருந்தாலும் சரி, இரண்டு வருடமாக வாரா வாரம் புளோக் புளோக்காக ஏறி இறங்கியிருந்தாலும் சரி... வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"வேற இந்தியர் யாரும் கெடைக்கலியா அண்ணே?" ரயிலில் ஒன்றாக வீடு திரும்பும்போது கேட்டேன்.

"மூணு பேரைக் கேட்டாச்சு. ஒருத்தருக்குப் பொண்ணு கல்யாணம். ஒருத்தருக்கு பாஸ் என்ன நினைப்பாரோன்னு பயம். இன்னொருத்தர் போனையே எடுக்க மாட்டேங்கிறாரு."

அவருடைய பையை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். வழக்கமாகக் கொடுக்கவே மாட்டார். அன்றைக்கு மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். அதுவும் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் புளோக்கில் லிஃப்ட் கதவு மூடப்போகிற நேரம். உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு கதவைத் தடுத்தது. அறுபது வயதிருக்கும், ஒரு சீனர். அண்ணன் மெதுவாக நடந்து வந்து ஏறும்வரை பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு அவரே அண்ணனின் மாடி எண்ணை அழுத்தினார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பதாம் மாடியில் இறங்கிப் போய்விட்டார்.

"அவர்தான் லிம்," என்றார் அண்ணன். "பழைய கட்சியில என்கூட நிக்க இருந்தவர்."

அந்தக் கதை எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அன்றைக்கு முழுவதும் சொன்னார். போன தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் பழைய கட்சித் தலைவரோடு ஏதோ வாக்குவாதம். துண்டுப் பிரசுரத்தில் யார் படம் எங்கே வருவது என்று ஆரம்பித்து, மானப் பிரச்சினை ஆகிவிட்டது. அண்ணன் கோபத்தில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். அந்தக் குழுவிலும் அவர் ஒருவர்தான் இந்தியர். வேறு ஆள் தேட நேரமில்லை. மனு கொடுக்க முடியவில்லை. டாக்சி ஓட்டுகிற லிம், தேர்தலுக்காக எடுத்திருந்த லீவை ரத்து செய்துவிட்டு மறுநாளே வேலைக்குப் போனாராம்.

"அன்னையிலேருந்து பேசறதில்ல. திட்டினாக்கூடத் தேவலாம் தம்பி. நான் மெலிஞ்சதுலேருந்து லிஃப்ட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. அதான் தாங்கல." சாவியைக் கதவில் நுழைக்க அவருக்கு இரண்டு தடவை ஆனது. "ஒருதரம் நாலு பேரை நடுத்தெருவுல விட்டவன் நான். மறுபடியும் நாலு பேரையா?"

கோபத்தில் கொடுத்த ஒரு கடிதத்துக்காக ஒரு மனிதர் இவ்வளவு நாள் லிஃப்ட்டுக்குப் பயந்து வாழ்ந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பார்வதி அண்ணி என்னை வழியனுப்புகிற சாக்கில் லிஃப்ட்வரை வந்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"எட்டு கிலோ எறங்கியிருக்காரு தம்பி. டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்து மூணு வாரமாச்சு. ரெண்டு தடவை தேதியைத் தள்ளிப் போட்டாரு. மீட்டிங்காம். இப்ப வர்ற வியாழக்கிழமைக்கு நான் போட்டிருக்கேன். மனுஷன் புளோக் புளோக்கா ஏறி எறங்கி எங்கயாவது விழுந்து வச்சா... நான் தனியா என்ன செய்வேன்? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

அவர் கண் கலங்கவில்லை. ஆனால் என் முழங்கையைப் பிடித்த பிடியை லிஃப்ட் வந்த பிறகும் விடவில்லை.

தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அறிவிப்பு வந்துவிட்டால் சில நாளில் மனுத்தாக்கல். அதற்குள் அவர் மனத்தை மாற்ற வேண்டும். ராத்திரி முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். உடம்பு முக்கியம் அண்ணே. சுவரை வைத்துத்தானே சித்திரம். அண்ணிக்கு உங்களை விட்டால் யார்? எல்லாம் நன்றாகத்தான் வந்தது.

மறுநாள் காலை காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். அவருக்கு முன்னால் அரை வேக்காட்டு முட்டை. எனக்குப் பாலில்லாத கோப்பி ஓ. நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"எங்க மனுவுல கையெழுத்துப் போட இந்தத் தொகுதி ஓட்டர்ஸ் ஆறு பேர் வேணும். அஞ்சு பேர் ஆச்சு. உன் பேரை எழுதட்டா? நாமினேஷன் அன்னைக்கு, மனு வாங்குற ஸ்கூலுக்கு நேர்ல வரணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதானா?  மகன் அரசாங்க வேலையில் இருக்கிறான். நாமினேஷன் அன்றைக்கு டிவி கேமரா எல்லாம் வரும். என் முகம் தெரியும். யாரும் எதுவும் செய்யப்போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன? பயத்துக்குத் தெரியவில்லையே! சீன நண்பர்கள் இதைத்தான் 'கியாசி' என்பார்கள். சாவுக்குப் பயந்தவன் என்று அர்த்தம். இங்கே சாவு எங்கே வந்தது, ஒரு கையெழுத்துதானே?

பேச்சை மாற்ற ஒத்திகையை அவிழ்த்துவிட்டேன். உடம்பு, சுவர், சித்திரம், அண்ணி... ஒன்று விடாமல் சொன்னேன். அண்ணன் முட்டையில் மிளகுத்தூள் போட்டுக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றது எல்லாம் சரி," என்றார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஸ்கேன் ரிசல்ட் நல்லதா வந்தா நிப்பேன். கெட்டதா வந்தாலும் நிப்பேன்னு தோணுது... அதை நினைச்சாத்தான் இன்னும் பயம். நிக்காம இருக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கு."

"என்ன வழி?"

"நீ நில்லு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வெளையாட்டு இல்ல லா. உனக்கு அறுபத்திநாலு. நடக்கிறே, பேசுறே, எழுதுறே, நாலு பேருக்கு உன்னைத் தெரியும். நீயும் இந்தியன்தானே? நீ வர்றேன்னா இன்னைக்கே நான் ஒதுங்கிக்கிறேன்."

இந்தக் காப்பிக்கடையில் எத்தனை வருடமாக அரசியல் பேசுகிறேன்! யார் சரியில்லை, எது சரியில்லை, நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்... மேசை தேய்ந்ததே தவிர நான் ஓயவில்லை. நிற்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னைப் பார்த்துச் சொன்னதும் குரல் எங்கே போனது? நேற்று ராத்திரி அண்ணனின் உடம்புக்காகத்தான் தூக்கம் வரவில்லை என்று நினைத்திருந்தேன். அவரை நிற்கவிடாமல் தடுத்துவிட்டால் யாரும் என்னிடம் எதையும் கேட்க மாட்டார்கள் என்கிற நிம்மதியும் அதில் பாதி இருந்திருக்கிறது. அக்கறை என்று நாம் சொல்லிக்கொள்வதைக் கொஞ்சம் கிண்டிப் பார்த்தால் சில சமயம் அடியில் இதுதான் கிடக்கிறது.

நிற்க மாட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் பேனாவை வாங்கி, ஆறாவதாக என் பெயரை எழுதினேன். வெட்கத்தில் செய்த காரியம்தான், வீரமெல்லாம் இல்லை. அண்ணன் தாளை மடித்துப் பையில் வைத்தார். "சரி, பெரிய கேள்விக்கு நிதானமாப் பதில் சொல்லு," என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. போன் அடித்தது. பார்வதி அண்ணி.

"சொன்னீங்களா தம்பி?"

"சொன்னேன் அண்ணி."

"என்ன சொன்னாரு?"

"அவருக்குப் பதிலா... என்னை நிக்கச் சொல்றாரு."

 அண்ணி சிரிப்பார், நானும் சேர்ந்து சிரித்துவிடலாம், அதோடு முடிந்துவிடும் என்று காத்திருந்தேன்.

"நிப்பீங்களா தம்பி?" என்றார் மெதுவாக. இத்தனை நாளில் அவர் குரலில் நான் கேட்ட முதல் நம்பிக்கை அது.

'யோசிச்சுச் சொல்றேன் அண்ணி' என்று வைத்துவிட்டேன். மூன்று நாள் ஆகிவிட்டது. நாளைக்கு வியாழக்கிழமை.

எனக்கும் பிரஷர் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று பார்க்கிறேன்.