சங்கமித்ரா அக்காவின் தவளை

பொம்மசந்திராவில் ஒரு மாத்திரைக் கம்பெனியின் லேபில் எனக்கு வேலை கிடைத்து நான்காவது நாள். கழிவுநீர் சுத்தம் செய்யும் இடத்துக்குப் போய், தொட்டியிலிருந்து ஒரு பாட்டில் சாம்பிள் எடுத்து வரச் சொன்னார்கள். அந்த இடத்தை எல்லோரும் ஈ.டி.பி. என்பார்கள். போய்க் கம்பிப் பிடியைத் தாண்டிக் கையை நீட்டினேன்.

"நில்லு நில்லு. இன்னும் ஆளுங்க வெளிய வரல."

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. காக்கிச் சட்டை, தலையில் ஹெல்மெட், கையில் நீளக் கழியில் கட்டிய வலை. உள்ளே யாரோ இறங்கியிருக்கிறார்கள் என்று நினைத்து நான் பின்வாங்கினேன். அவர் வலையைத் தொட்டி ஓரமாக இழுத்து மேலே தூக்கினார். உள்ளே மூன்று தவளைகள்.

"ரெண்டு ஆளு பாக்கி," என்றார்.

அவர்தான் சங்கமித்ரா அக்கா. ஈ.டி.பி. ஆபரேட்டர். தொட்டியின் நடுவே காற்றடிக்கும் மோட்டார் ஒன்று உண்டு. அதன் இறக்கைகள் தண்ணீர் மட்டத்தில் சுழலும். ராத்திரி அதை நிறுத்தி வைப்பார்கள். காலை ஏழு மணிக்குப் போட வேண்டும். மழைக்காலத்தில் அந்த இடைவெளியில் தவளைகள் வந்து விழுந்துவிடும். போடுவதற்கு முன் அக்கா கம்பிப் பிடியை ஸ்பானரால் மூன்று தட்டு தட்டுவார். பிறகு வலையோடு ஒரு சுற்று. பிடித்ததையெல்லாம் காம்பவுண்ட் ஓரப் புல்லில் கையாலேயே எடுத்து விடுவார். அதற்கப்புறம்தான் சுவிட்ச்.

அவருடைய அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. வெடி வைப்பதற்கு முன் உள்ளே இருப்பவர்களைத் தலை எண்ணி வெளியே எடுப்பார்களாம். "எங்க அப்பா எண்ணுற வேலைதான் பார்த்தாரு. அதான் நானும் எண்றேன்," என்பார். சுரங்கத்தை மூடியபோது அக்காவுக்குப் பதினேழு வயது. படிப்பு பத்தாவதோடு நின்றது. ரயிலேறி வந்து முதலில் கார்மென்ட்ஸ், பிறகு இங்கே துப்புரவு வேலை. ஆபரேட்டர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்தே ஈ.டி.பி.யைக் கற்றுக்கொண்டவர். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ஹெப்பகோடியில் ஒரு அறை வீடு.

நான் ஊத்தங்கரைப் பக்கம். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான்தான், பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, முதல் வகுப்பு. இதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். அக்காவிடம் முதல் வாரமே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவருக்கு நான் 'கெமிஸ்ட் தம்பி'.

ஆகஸ்டில் ஒரு காலை, வெளியிலிருந்து ஆய்வுக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. தொட்டியில் ஆக்ஸிஜன் குறைவாகக் காட்டியது. நான் போன் போட்டேன்.

"அக்கா, இன்னும் மோட்டார் போடலியா? வந்துருவாங்க. சீக்கிரம் போடுங்க."

"அரைச் சுத்து பாக்கி தம்பி."

"அக்கா, ப்ளீஸ்."

போட்டுவிட்டார். பத்து நிமிடம் கழித்து நான் சாம்பிளுக்குப் போனபோது மோட்டார் நின்றிருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் உள்ளங்கையில், கையளவுக்கு ஒரு பழுப்புத் தவளை. முதுகில் மெல்லிய மஞ்சள் கோடு. பின்னங்கால் ஒன்று தொடையில் தோலுரிந்து, நீட்டினபடி கிடந்தது.

"நான் அவசரப்படுத்தினதாலதான்," என்றேன்.

"நீ போன் பண்ணே. சுவிட்ச் போட்டது யாரு? நான்தானே."

கேன்டீனிலிருந்து ஒரு பழைய பிளாஸ்டிக் ட்ரே வாங்கி வந்தார். முந்தின நாளே பக்கெட்டில் பிடித்து வைத்த போர்வெல் தண்ணீரை அரை விரல் உயரத்துக்கு ஊற்றினார். ஏறி உட்கார ஒரு ஓட்டுத் துண்டு, மேலே பாதாம் இலை. மோட்டார் சுவிட்சுகள் இருக்கும் பேனல் ரூமில், வெயில் படாத மூலையில் வைத்தார். தொடும்போதெல்லாம் கையை அந்தத் தண்ணீரிலேயே நனைத்துக்கொள்வார். "காஞ்ச கை பட்டா அதுக்கு எரியும்," என்றார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "மூணு வருஷமா தூக்குறேன், தெரியாதா?"

சூப்பர்வைசர் முனிகிருஷ்ணன் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், ஆஸ்பத்திரி தொறந்துட்டீங்களா? எத்தினி பெட்டு?"

"ஒரு பெட்டுதான் சார். உங்களுக்குன்னா இன்னொண்ணு போடச் சொல்றேன்."

"டாக்டர் யாரு, இவனா?"

"அவரு கெமிஸ்ட்டு. மருந்து கலக்குறதோட சரி."

மூன்று நாள் தவளை எதுவும் தின்னவில்லை. நான்காம் நாள் தோட்டத்து மண்புழு ஒன்றை விழுங்கியது. அக்கா எனக்கு லேபுக்கே போன் பண்ணினார்: "துன்னுச்சு தம்பி!" முழு கம்பெனிக்கும் கேட்டிருக்கும். ஆறாம் நாள் அந்தக் காலை மடக்கி உட்கார்ந்தது. இன்னும் ஒரு வாரத்தில் ஹெப்பகோடி ஏரிக்கரையில் கொண்டுபோய் விடுவதென்று முடிவு செய்தார். "என் கையால அடிபட்டுது. என் கையாலயே உசுரோட கொண்டுபோய் விடணும். அதுதான் கணக்கு," என்றார். அந்த ஒரு வாரம் அவர் வேறெதைப் பற்றியும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஊரில் அவருடைய அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். காலை வேலையை முடித்துவிட்டு மூன்று நாள் லீவில் கிளம்பினார். "தண்ணிய மாத்து. ஒரு புழு குடு. வேற ஒண்ணும் பண்ணாதே," என்று என்னிடம் ஒப்படைத்தார்.

நான் அந்தப் பக்கெட்டைப் பார்த்தேன். அந்த மாத போர்வெல் ரிப்போர்ட்டை எழுதியதே நான்தான். உப்பும் சுண்ணாம்பும் எக்கச்சக்கம். மனுஷனே குடிக்காத தண்ணீரில் காயம்பட்ட ஜீவனை வைப்பதா? படிக்காதவர், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். எங்கள் லேபில் டி.எம். வாட்டர் உண்டு. தண்ணீரிலிருக்கும் உப்புகளை எல்லாம் மொத்தமாக நீக்கியது. அதைவிடச் சுத்தமான தண்ணீர் அந்தக் கம்பெனியில் கிடையாது. இரண்டு கேன் பிடித்துக்கொண்டு போனேன். ட்ரேயைக் கழுவி, ஓட்டுத் துண்டையும் கழுவி, டி.எம். வாட்டரை நிரப்பினேன். காலையும் மாலையும் மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமைகூட அதற்காகவே வந்தேன். தவளை சற்று உப்பியிருந்தது. நன்றாகத் தின்கிறது, சதை போடுகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

திங்கட்கிழமை காலை அக்கா வந்து இலையைத் தூக்கினார். "தம்பி, இது இன்னா இப்படி வீங்கிக்கினு கீது?"

தவளை பலூன் மாதிரி இருந்தது. மல்லாக்கப் போட்டால் புரண்டு திரும்ப முடியவில்லை. நான் வெளியே ஓடி, போனில் தேடி, அடிபட்ட விலங்குகளைப் பார்க்கிற வீணா என்ற ஒரு பெண்ணின் எண்ணைப் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எந்தத் தண்ணியில வெச்சிருக்கீங்க?"

"டி.எம். வாட்டர் மேடம். பியூர்."

"அய்யோ! தவளை வாயால குடிக்காது சார், தோலால குடிக்கும். உப்பே இல்லாத தண்ணின்னா அது பாட்டுக்கு உள்ள ஏறிக்கிட்டே இருக்கும், ஒடம்புல இருக்கற உப்பும் வெளிய போய்டும். அதுலயும் தோலு வேற பிஞ்சிருக்குன்றீங்க. யாரு குடுத்த ஐடியா இது?"

"இங்க ஒருத்தர்," என்றேன்.

"உடனே பழைய தண்ணிக்கு மாத்தி, கொண்டு வாங்க. பார்க்கலாம்."

ஆஸ்மோசிஸ், சவ்வூடுபரவல். முதல் வருஷம் ஐந்து மார்க் கேள்வி. படம் போட்டு எழுதி ஐந்தும் வாங்கியிருக்கிறேன்.

திரும்பி ஓடினேன். அக்கா ஏற்கெனவே தவளையைப் பக்கெட் தண்ணீருக்கு மாற்றியிருந்தார். வெளியே கொண்டுபோகக் கேட் பாஸ் எழுதி வாங்குவதற்குள் அது இறந்துவிட்டது.

"அந்த மேடம் இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார் அக்கா.

"அடி... அடி பலம்னாங்க."

"கால மடக்குச்சே தம்பி. நீ தண்ணி மாத்தினே இல்ல?"

"ரெண்டு வேளையும் மாத்தினேங்க்கா."

"நீ பார்த்திருப்பே. எனக்குத் தெரியும்." தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை ஹைப்போ ஊத்திட்டு, சரியா கழுவாம அந்தக் கையோடயே இத்த தூக்கி வெச்சிட்டுப் போனேன். அந்த மருந்துதான் உள்ள ஏறிட்டுது. என் கைதான்."

ஹைப்போ என்பது தண்ணீரில் கிருமி சாக ஊற்றுகிற குளோரின் மருந்து. அவர் சொன்னது நம்பும்படியாகத்தான் இருந்தது. பி.எஸ்சி. படித்தவன் ஒரு தவளையைத் தண்ணீர் ஊற்றிக் கொன்றான் என்று முனிகிருஷ்ணன் கேன்டீனில் சொல்லிச் சிரிப்பது இப்போதே காதில் கேட்டது. ஒரு நாள் போகட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அக்கா மூன்று தட்டு தட்டினார். ஆனால் வலையை எடுக்கவில்லை. "நீ எடேன் தம்பி. என் கை ஆகாது." அன்றிலிருந்து தினமும் ஏழு மணிக்கு முன் போய் நான்தான் தவளைகளை எடுத்தேன். அக்கா தள்ளி நின்று எண்ணினார். கேன்டீனில் எல்லோரிடமும் சொன்னார்: "டிகிரி படிச்ச புள்ள, பாரு, தவளைக்காக ஏழு மணிக்கு வருது. எங்க முனிகிருஷ்ணன் சார் வருவாரா?" நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கலாம். தள்ளிப்போடப் போட, சொல்ல வேண்டியது தவளையைப் பற்றி மட்டும் என்றில்லாமல் போய்விட்டது.

எட்டு மாதம் இப்படிப் போனது; மழை ஓய்ந்து தவளை விழாத நாட்களிலும் வலை என் கையில்தான். மகளுக்கு யஷ்வந்த்பூர் பக்கம் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அக்காவும் அதற்குப் பக்கத்தில் பீன்யாவில் ஒரு வேலை தேடிக்கொண்டார். கடைசி நாள் சாயங்காலம் கேட்டில் கம்பெனி வேனுக்கு நின்றவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எந்தத் தண்ணீர், வீணா என்ன சொன்னார், எல்லாம்.

அவர் டிபன் கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"தெரியாம ஊத்தினே. சரி, வுடு. அன்னிக்கு நான் கேட்டேனே தம்பி?"

"பயமா இருந்துச்சுக்கா."

"இன்னா பயம்? சிரிப்பாங்கன்னா?" என்றார். "எட்டு மாசமா எம் பொண்ணுக்கு மருந்து தேய்ச்சு விடக்கூட இந்தக் கைய வெக்க யோசிச்சேன்டா."

வேன் வந்தது. ஏறிக்கொண்டார். ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.

அதன்பிறகு ஒருமுறை போன் பண்ணினேன். பி.எஃப். பாரத்தில் ஏதோ சந்தேகம் இருக்கும், உதவலாமே என்று. "அதெல்லாம் ஆயிடுச்சு சார்," என்றார். சார் என்றார்.

சங்கமித்ரா அக்கா இப்போது பீன்யாவில் முலாம் பூசும் ஒரு பட்டறையில் ஈ.டி.பி. ஆபரேட்டராக இருக்கிறார். காலை ஆறு மணி ஷிஃப்ட். தாசரஹள்ளியில் மகளோடு குடியிருக்கிறார்.