குழந்தை விழிப்பாக இருந்த இரண்டு நாள்

சலவைக் கடையில் அவளுக்குச் 'சுடுதண்ணி' என்று பெயர். துணியில் கறை போகவில்லை என்று வாடிக்கையாளர் குரலை உயர்த்தினால், "இதைக் கட்டிக்கிட்டு சாப்பிட்டீங்களா, இல்ல இதிலேயே சாப்பிட்டீங்களா?" என்பாள். பக்கத்து மேசையில் இஸ்திரி போடும் நான் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவேன்.

அந்த வாய் அவள் மகனுக்கு ஐந்து மாதத்தில் வலிப்பு வந்ததும் அடங்கிப்போனது. முதல் மருந்து கேட்கவில்லை. இரண்டாவது மருந்தில்தான் நின்றது. வேளை தவறக்கூடாது, திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாகும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மருந்தின் மயக்கத்தில் குழந்தை தூங்கி வழிந்தான். தூங்கினால் தூங்கட்டும் என்று அவள் வேலைக்குத் திரும்பினாள். பார்த்துக்கொள்ள நாத்தனார் வந்தாள். "மருந்தெல்லாம் நானே குடுத்துக்கிறேன், நீ நிம்மதியா போ" என்றாள்.

ஒரு மாதம் ஒழுங்காகப் போனது. பிறகு ஒரு மத்தியானம் வலிப்பு விடாமல் அடித்தது. கடையிலிருந்து நானும் அவளோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவள் புருஷனும் நாத்தனாரும் முன்பே குழந்தையைக் கொண்டுவந்திருந்தார்கள்; ஊசி போட்டு வலிப்பை நிறுத்தியாகிவிட்டது.

"மருந்து ஒழுங்கா குடுத்தீங்களா?" என்றார் டாக்டர்.

"ஒரு வேளை விடல டாக்டர்" என்றாள் நாத்தனார். புருஷன்காரன் தலையாட்டினான்.

"அப்போ இந்த மருந்தும் கேக்கல. அடுத்ததுக்குப் போகணும். அதுல சில குழந்தைங்களுக்குப் பார்வை பாதிக்கலாம். போனா திரும்பாது. யோசிச்சுச் சொல்லுங்க."

"உயிர் இருந்தாப் போதும் டாக்டர், குடுங்க" என்றாள் சுடுதண்ணி. புருஷன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரி. எதுக்கும் இந்த மருந்து உடம்புல எவ்வளவு இருக்குன்னு ரத்தத்துல பாத்துடுவோம்" என்றார் டாக்டர்.

நாத்தனார் முகம் வெளுத்தது. "ரத்தத்துல தெரியுமா? ரெண்டு நாளாத்தான் குடுக்கல. என் வீட்டுக்காரர் சொந்தமெல்லாம் பாக்க வந்தாங்க. மயங்கிக் கிடக்கிற புள்ளைய எப்படிக் காட்டுறது? தம்பிகிட்ட சொல்லிட்டுத்தான் நிறுத்தினேன்."

மருந்தை வேளாவேளைக்கு வாஷ்பேசினில் ஊற்றியதாக அவளே சொன்னாள். அவளையாவது அறிவு கெட்டவள் என்று தள்ளிவிடலாம். இவன்? பெற்ற பிள்ளைக்குக் கண் போகலாம் என்று காதில் விழுந்தும் வாயைத் திறக்காதவனை என்னவென்று சொல்வது? த்தூ!

"புது மருந்து இப்போ வேண்டாம். பழையதையே மறுபடி ஆரம்பிக்கலாம்" என்ற டாக்டர், நாத்தனாரை வெளியே போகச் சொன்னார்.

சுடுதண்ணி கொதிக்கவில்லை. புருஷனைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "கண்ணு போகும்னு சொன்னப்போ இங்கதானே நின்னீங்க?"

"அக்கா மனசு கஷ்டப்படுமேன்னு..."

ரத்தம் எடுக்க நர்ஸ் வந்தாள். "குழந்தைய அப்பா பிடிச்சுக்கட்டும்மா, நீங்க பாக்க வேண்டாம்" என்றாள். அவன் கையை நீட்டினான்.

"அவர் வேண்டாம்" என்று குழந்தையை என்னிடம் கொடுத்தாள்.