பேர்சி மூடாத பக்கங்கள்

பேர்சிக்கு ஒரு வீட்டுக்குப் போகத் தெரியும், திரும்பி வரத் தெரியாது. இலங்கையின் பேசாலையில் பிறந்து, அகதியாகச் சுவிஸ் நாட்டு லோசானுக்கு வந்து, ஆஸ்பத்திரிச் சமையலறையில் கோப்பை கழுவத் தொடங்கியவர் இன்று அங்கேயே சூப்புக்குப் பொறுப்பு. கல்யாண வீடென்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். வெளிக்கிடும்போது ஒருவர் விடாமல் “போயிட்டு வாறன்” சொல்லுவார். சொன்ன இடத்திலேயே புதுக்கதை ஒன்று முளைக்கும். கடைசி மெட்ரோவும் போய்விடப் போகிறதே என்று மனைவி யூலியானா சப்பாத்துப் போட்டபடி வாசலில் நின்று பல்லைக் கடிப்பாள். சொல்லிக்கொள்ளாமல் எழும்புவது மரியாதை இல்லை என்பது பேர்சியின் சட்டம். செத்த வீடு மட்டும்தான் விலக்கு. அங்கே “வாறன்” என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. பேசாமல் எழும்பி நடையைக் கட்ட வேண்டும். இந்தச் சட்டம் ஒருநாள் தன்னையே மாட்டிவைக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

அன்று காலை பேர்சி கோட்டும் டையுமாகக் கம்ப்யூட்டருக்கு முன்னால் வியர்த்துக்கொண்டிருந்தார். பேசாலையில் தங்கச்சி டயனாவின் ஒரே மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம். பேர்சிக்கு முழங்காலில் ஒப்பரேஷன் செய்து காயம் ஆறவில்லை, விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். யூலியானா மட்டும் போயிருந்தாள். ஜெசிந்தாவின் தகப்பன் தவராஜா கொரோனாக் காலத்தில் காலமாகிவிட்டான். ஆகவே பெண் கோவிலுக்குப் புறப்படுமுன் முழங்காலில் நிற்க, கையுயர்த்திச் சிலுவை போட்டு ஆசீர்வதிக்க வேண்டியவர் தாய்மாமன் பேர்சி. “மாமா கம்ப்யூட்டரிலை வந்தாலும் காணும். அவர் ஆசீர்வாதம் தராமல் நான் படி இறங்கமாட்டன்” என்று அந்தப் பெண் அடித்துச் சொல்லியிருந்தாள். பேசாலையில் பின்னேரம் பூசை, லோசானில் அது நண்பகல். பங்குச் சாமியாரோ யாருக்காகவும் மணியைத் தள்ளிப்போடாதவர்.

பிரவுசரைத் திறந்தார். திறந்தது. மூச்சு விடுமுன் செத்தது. திரும்பத் திறந்தார். திரும்பச் செத்தது. கம்ப்யூட்டரை நிற்பாட்டிப் போட்டார், கெஞ்சினார், முதுகில் தட்டினார், மடு மாதா படத்தைத் திரைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். ஒன்றுக்கும் மசியவில்லை. கைபேசியில் கூப்பிடலாம் என்றால் அது முதல்நாள் குளியல் தொட்டிக்குள் விழுந்து, அரிசி டப்பாவுக்குள் படுத்திருந்தது.

கதவைத் திறந்துகொண்டு ஊன்றுகோலோடு பாய்ந்தார். மாடிப்படியில் துணிக்கூடையோடு சுஷ்மிதா இறங்கிக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், மேல்மாடியில் குடியிருப்பவள். கீழே பொதுச் சலவை அறையில் அன்று அவள் முறை. இந்தக் கட்டடத்தில் அந்த முறையைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

“பிள்ளை! மாதாதான் உம்மை அனுப்பினவ! கம்ப்யூட்டர் ஒருக்கா பாரும்!”

“அங்கிள், நான் ஐ.டி. கிடையாது. பால் பவுடர்ல ஆராய்ச்சி பண்றேன்.”

“இந்தியாவிலையிருந்து வாற ஆக்கள் எல்லாரும் கம்ப்யூட்டர்தானே? வாரும், வாரும்!”

சிரிப்பும் அலுப்புமாக அவள் கூடையோடு உள்ளே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கூடையைத் தரையில் போட்டாள்.

“என் போன்லயே கூப்பிடலாமே. ஆன்ட்டி நம்பர் சொல்லுங்க.”

பேர்சி அரிசி டப்பாவைக் காட்டினார். எந்த நம்பரும் அவருக்குப் பாடமில்லை. அழைப்பு லிங்க் மெயிலில் கிடந்தது. மெயிலின் பாஸ்வேர்டு பிரவுசருக்கு மட்டுமே தெரியும்.

“சரி, இதையே பாத்துடலாம்” என்று சுஷ்மிதா கைவிரல்களைச் சொடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பிரவுசரைப் புதுப்பித்துப் பார்த்தாள். செத்தது. தமிழ் நாடகம் பார்க்க அவர் போட்டுவைத்திருந்த ஏதோ ஒன்றைத் தூக்கி எறிந்தாள். அப்போதும் செத்தது. சுவர்க் கடிகாரம் வேண்டுமென்றே ஓடுவது போல இருந்தது. பேர்சி அதைப் பார்த்து ஒருமுறை திட்டியும் விட்டார்.

அடுத்த முறை அது சாகுமுன் அவள் கண்ணில் பட்டுவிட்டது. “அங்கிள்! மேல பாருங்க! ஊசி மாதிரி வரிசையா நிக்குதே, அதெல்லாம் என்ன?”

“அதுவோ? அது எங்கடை சனம்.”

டொரொண்டோவில் பிறந்தநாள், பாரிஸில் பெண் பெரியவளான சாமத்தியச் சடங்கு, யாழ்ப்பாணத்தில் கல்யாணம், லண்டனில் செத்த வீடு. எங்கே எது நடந்தாலும் நேரலை லிங்க் வரும், பேர்சி கோட்டுப் போட்டுக்கொண்டு முன்னால் இருந்து பார்ப்பார். முடிந்தபின் அந்தப் பக்கத்தை மூட மட்டும் அவருக்கு மனம் வராது. திரைக்கு அந்தப்பக்கம் இருப்பவர்களிடம் சொல்லிக்கொள்ள வழியில்லை. சொல்லாமல் கதவைச் சாத்துவதா? அப்படியே விட்டுவிடுவார். விட்ட இடத்திலிருந்தே தொடங்கும்படி பிரவுசரையும் பழக்கியிருந்தார். வருடக்கணக்காகச் சேர்ந்த கல்யாணமும் இழவும் ஒரே நேரத்தில் ஓடினால் அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் என்னதான் செய்யும், பாவம்!

சுஷ்மிதா தலையில் கை வைத்தாள். “எல்லாத்தையும் ஒரேயடியா மூடிடலாம் அங்கிள்.”

“ஐயோ, சனம் என்ன நினைக்கும்?”

“எந்த சனம்? அவங்களுக்கெல்லாம் குழந்தையே பொறந்திருக்கும்!”

ஆனால் மூடவும் அது நேரம் கொடுக்கவில்லை. கை போகுமுன் செத்தது. சுஷ்மிதா எழுந்தாள், பால் பொங்கும்போது அடுப்பை அணைக்கிற வேகத்தில் இணையக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். திரும்பத் திறந்தாள். வீடியோ எதுவும் வரவில்லை. வெறும் வெள்ளைப் பக்கங்கள், மேலே தலைப்புகள் மட்டும். பிரவுசர் சாகவில்லை.

“நிக்குது! பிள்ளை, நிக்குது!” பேர்சி போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரி வீடு கூட்டுகிற தும்புத்தடியால் தன் கூரையை இடித்தாள். “இடி, நல்லா இடி!” என்றார் அவர்.

“சீக்கிரம் அங்கிள். வேணும்னா சொல்லிட்டே மூடுங்க.”

அது போதும் அவருக்கு. “ஜெரோசன், போயிட்டு வாறன்!” கிளிக். “தனலட்சுமி அக்கா, சாப்பாடு திறம், போயிட்டு வாறன்!” கிளிக். செத்த வீடு வந்தால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கிளிக். கொஞ்ச நேரத்தில் சுஷ்மிதாவுக்கும் அந்த வெறி பிடித்துவிட்டது. “போயிட்டு வர்றோம்!” என்று முகம் தெரியாத மணமக்களுக்கு அவளும் கையசைத்தாள். பேர்சிக்கு முழங்கால் வலியே மறந்துபோயிற்று.

கடைசியில் ஒரே ஒரு பக்கம். அதில் அவர் கை நின்றுவிட்டது.

தவராஜாவின் அடக்கப் பூசை. தங்கச்சியைக் கட்டுமுன்பே அவன் பேர்சியின் சிநேகிதன், ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனவன். விமானங்கள் நின்றிருந்த நாள் அது. இதே கதிரையில், இதே கோட்டோடு, தன்னந்தனியாக இருந்து பார்த்தார். நேரலை முடிந்தும் எழும்பவில்லை. மூடினால் மச்சான் போனது உண்மையாகிவிடும் என்று பயந்தார். அந்தப் பயம்தான் மற்ற எல்லாப் பக்கங்களுக்கும் தொற்றிக்கொண்டது. இது அவருக்கே இப்போதுதான் விளங்கியது.

“இவன்ரை மகளுக்குத்தான் இண்டைக்குக் கலியாணம்” என்றார்.

சுஷ்மிதா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “பொண்ணு காத்துட்டிருக்கும் அங்கிள்” என்றாள்.

பேர்சி டையைச் சரிசெய்தார். ஒன்றும் சொல்லாமல் மூடினார். கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை.

“கம்பியைக் குத்தும் பிள்ளை!”

லிங்க் திறந்தது. படம் நடுங்கி வந்து நின்றது. வெள்ளைப் புடவையில் ஜெசிந்தா, பக்கத்தில் டயனா, பின்னால் யூலியானா. “எங்கையப்பா போனீங்கள்? சாமியார் ரெண்டுதரம் ஆள் அனுப்பிப்போட்டார்!” என்று யூலியானா கத்தினாள். அந்தத் திட்டு பேர்சிக்குத் தேனாக இனித்தது. ஜெசிந்தா கம்ப்யூட்டருக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். பேர்சி ஊன்றுகோலை விட்டுவிட்டு எழும்பினார், சுஷ்மிதா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். கை உயர்ந்து சிலுவை போட்டது. “அப்பாவும் சேர்ந்துதான் தாறார் மகள்.”

“போயிட்டு வாறன் மாமா!”

“போயிட்டு வா அம்மா!” குரல் மாடிப்படி வரைக்கும் கேட்டிருக்கும்.

வெடி வெடித்தது. எல்லோரும் காருக்கு ஓட, கம்ப்யூட்டரை மூட அங்கே யாருக்கும் நினைவில்லை. வெறுமையான கூடம். சுவரில் மாலை போட்ட படத்துக்குள் தவராஜா பேர்சியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“இதை மூடிட்டு, சர்ச் லைவ் போடட்டுமா அங்கிள்?”

“கோயிலையும் போடும். இதையும் விடும். ரெண்டு தாங்குமோ?”

“ரெண்டு தாராளமா தாங்கும்.”

பேர்சி கதிரையை இழுத்துப்போட்டு வசதியாக உட்கார்ந்தார். “எல்லாரும் வருமட்டும் அவனும் நானும் வீட்டைப் பாத்துக்கொள்ளுறம்” என்றார்.