புது பிரேக் டிஸ்க்கும் மச்சான் வைத்த பொட்டும்

மச்சான் தன் பழைய ஜீப்புக்கு விலை உயர்ந்த பெரிய பிரேக் டிஸ்க் மாட்டியிருக்கிறார்.

"மலை, சேறு, எங்க மிதிச்சாலும் அப்படியே நிக்கும் பாரு" என்றார்.

இன்று காலை பூஜை போட்டுவிட்டு ஆற்றங்கரைச் சரிவில் இறங்கினோம். மிதித்தார். நிற்கவில்லை. கீழே எருமைகளும் அவற்றை மேய்ப்பவரும்.

"புடிக்கலயேப்பா!"

"திருப்புங்க மச்சான், ஜல்தி!"

எருமைகளை ஒட்டிப் போய் ஆற்று மணலில் புதைந்து நின்றோம்.

மெக்கானிக் பாய் வந்து சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க் முழுக்கச் சிவப்பு.

"இன்னாங்க இது?"

"குங்குமம் உதிர்ந்துகினே இருந்துச்சு பாய். அதான் நல்லெண்ணெயில கொழைச்சுப் பொட்டு வச்சேன்."

பெரிய டிஸ்க் போடுவது வீண் செலவா? பொட்டு வைக்காமல் ஓட்டியவர்கள் மட்டும் சொல்லுங்கள்.