அக்காவின் வலது காது

பள்ளி முடித்ததும் அக்காவுக்கு இரண்டு வழிகள் இருந்தன. கல்லூரியில் படித்துக் கடற்படை அதிகாரியாகலாம், அல்லது உடனே மாலுமியாகச் சேரலாம். அப்பா படுத்த படுக்கையாகிவிட்டதால் மாலுமியானாள். "உள்ள போயிட்டா பரீட்சை எழுதி மேல வந்துக்கலாம்டா" என்றாள்.

கப்பலின் இன்ஜின் அறையில் வேலை. கோளாறான சத்தத்தைப் பிடிக்க, காதுக் கவசத்தின் வலது பக்கத்தை மட்டும் விலக்கிக் கேட்பாள். வேலையில் நல்ல பெயர் எடுத்தாள். அதிகாரிக்கான எழுத்துத் தேர்விலும் தேறினாள். மருத்துவப் பரிசோதனையில் வலது காது கேட்கவில்லை என்று நிராகரித்துவிட்டார்கள்.

அவள் சம்பளத்தில்தான் நான் படித்தேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. நேற்று கடற்படை அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வானேன். விடுப்பில் வந்திருந்த அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் வலப்பக்கம் நின்று மெல்லச் சொன்னேன். ஏன் அந்தப் பக்கம் போய் நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

"என்னடா முணுமுணுக்கிற? இந்தப் பக்கம் வா."

இடப்பக்கம் போய்ச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"இனிமே உனக்கு நான் சல்யூட் அடிக்கணுமா, எருமை?" என்று சிரித்தாள். பிறகு, "காது டெஸ்ட் முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுதுக்கா."

"ரெண்டு காதும்?"

"ரெண்டும் நல்லாருக்குக்கா."

தலையாட்டிவிட்டு, மறுபடி பீன்ஸை எடுத்துக்கொண்டாள்.