மஞ்சள் பொட்டு வைத்த நட்டு

1. முதல் நாள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிகளுக்கு பிரேக் பூட்டும் கம்பெனி ஒன்றில் சேர்ந்த முதல் நாள், என் கையில் ஸ்பேனர் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் கொடுத்தார்கள். நான் இன்ஸ்பெக்‌ஷன் ஆள். ஃபிட்டர் நட்டை முறுக்கி முடித்ததும் நான் பார்த்து, அதன் மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். பொட்டு இருந்தால் நட்டு சரி என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்த நட்டை யாரும் தொட மாட்டார்கள்.

ஃபோர்மேன் அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிட்டார். "தம்பி, நட்டுன்னா ஃபிட்டர். பெயிண்டுன்னா நீ. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே."

பன்னிரண்டு வருஷம் நான் குழப்பிக்கொள்ளவே இல்லை. என் லைனில் ஃபிட்டர் தனசேகர், பாடி ஊர்க்காரர். அவர் முறுக்குவார், நான் பொட்டு வைப்பேன். அவர் உள்ளங்கையில் காய்ப்பு ஏறிக்கொண்டே போனது. என் கையில் அவ்வப்போது மஞ்சள் கறை இருக்கும், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும். ஆனாலும் கொரட்டூரில் எங்கள் தெருவில் எனக்குப் பெயர் 'பிரேக் சார்'. நான் அதை மறுத்ததில்லை.

2. வீட்டு ஒர்க்‌ஷாப்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பழைய கார் வாங்கினேன். எனக்கு முன் நாலைந்து கை மாறிய வண்டி. பிரேக் கொஞ்சம் மந்தம். என் மனைவி சரோஜா, "பேசாம மெக்கானிக்கிட்ட விடுங்களேன்" என்றாள்.

"பிரேக்குக்கே கையெழுத்துப் போடுறவன் நான். என் வண்டிக்கு இன்னொருத்தனைக் கூப்பிட்டா தெருவுல என்ன நினைப்பாங்க?"

தெரு என்ன நினைக்கும் என்பதுதான் அப்போது எனக்குப் பெரிய கவலை.

ஒரு சனிக்கிழமை காலை வாசலிலேயே வண்டியைத் தூக்கி நிறுத்தி நாலு சக்கரத்தையும் கழற்றினேன். டிரம்மை எடுத்து, புது பிரேக் ஷூ மாட்டி, வீல் சிலிண்டர்களுக்குள் புது ரப்பர் வாஷர் போட்டேன். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பக்கத்தில் மஞ்சள் பெயிண்ட் டப்பாவும் இருந்தது, எங்கள் வாசல் கேட்டுக்கு அடித்தது போக மிச்சம். பூட்டிய நட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. அதைச் செய்யாமல் என்னால் வேலை முடிந்ததாக நினைக்க முடியாது.

கடைசியாகப் பின்பக்க இடது சக்கரம். ஆயில் வரும் பைப்பைச் சிலிண்டரோடு சேர்க்கிற நட்டை விரலால் ஏற்றி நிறுத்தினேன். அடுத்தது ஸ்பேனரை எடுக்க வேண்டும். என் கை பிரஷ்ஷை எடுத்தது. பன்னிரண்டு வருஷமாக என் கண் முன் வந்த நட்டெல்லாம் முறுக்கிய நட்டுதான். முறுக்காத நட்டை நான் பார்த்ததே இல்லை. பொட்டு வைத்தேன். வட்டமாக, அழகாக வந்தது.

பிறகு, பொறுப்பான ஆள் அல்லவா, எல்லாவற்றையும் ஒருமுறை செக் செய்தேன். குனிந்து, பொட்டு இருக்கிறதா என்று பார்த்தேன். நாலு சக்கரத்திலும் இருந்தது.

ஆயில் பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, இரண்டு பேர் வேண்டும். சரோஜா பெடலை மிதித்துப் பிடிக்க, நான் சக்கரத்தருகே நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து, குமிழியோடு வரும் ஆயிலை வெளியே விட்டு மூடினேன். எல்லாம் முடிந்தும் அவள் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.

"என்னங்க, மிதிச்சுக்கிட்டே இருந்தா மெல்ல மெல்ல உள்ள போகுதே."

"புது வாஷர். பழகினா சரியாயிடும்."

"வாஷர் பழகுமா?"

"பெயிண்ட் வச்சாச்சு சரோஜா. எறங்கு."

3. குமணன்சாவடி

மறுநாள் மாங்காட்டுக் கோயிலுக்குப் புறப்பட்டோம். ஆறு வயது மகள் ராதா முன் சீட்டில் அம்மா மடியில் உட்கார்ந்திருந்தாள். வானகரம் வரை பிரேக் ஜம்மென்று பிடித்தது. ஒவ்வொரு முறை பிடித்தபோதும் நான் சரோஜாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

குமணன்சாவடி அருகே முன்னால் ஒரு செங்கல் லாரி நின்றிருந்தது. மிதித்தேன். பெடல் தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தேன், காலுக்கடியில் ஒன்றுமே இல்லை. அந்தக் காலத்து வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் லைன். ஓரிடத்தில் ஒழுகினால் நாலும் போச்சு. இதைக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே பாடமாக எடுத்திருக்கிறேன்.

கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைப் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். சரோஜா ராதாவின் தலையைத் தன் மார்போடு அமுக்கிக்கொண்டாள். லாரியின் பின்பலகைக்கு ஒரு சாண் இருக்கும்போது வண்டி நின்றது. அவ்வளவு பயம் அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

லாரி கிளீனர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், லாரிக்குள்ளயே பார்க் பண்லாம்னு வந்துகினு கீறியா? வண்டில பிரேக்கு கீதா இல்லியா?"

பிரேக் சாராகிய நான் இறங்கினேன். பின் இடது சக்கரத்தின் உட்புறம் ஆயில் வழிந்திருந்தது. படுத்து, கையை விட்டு அந்த நட்டைத் தொட்டேன். விரலுக்கே சுழன்றது. ஸ்பேனர் போட்டதும் முக்கால் சுற்று போய் இறுகியது. அந்த முக்கால் சுற்றுக்கு என் பெண்டாட்டியையும் பிள்ளையையும் பணயம் வைத்திருக்கிறேன்.

சரோஜாவும் குனிந்து பார்த்தாள். திட்டவில்லை.

"பெயிண்ட் நல்லா ஒட்டியிருக்கு" என்றாள்.

பக்கத்துக் கடையில் பிரேக் ஆயில் வாங்கி ஊற்றி, கிளீனரையே பெடல் மிதிக்கச் சொல்லி ஏர் எடுத்தேன். அம்மாவும் மகளும் மாங்காட்டுக்கு பஸ்ஸில் போனார்கள். நான் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு அந்த பஸ்ஸின் பின்னால் போனேன்.

4. திங்கட்கிழமை

வேலைக்குப் போனதும் தனசேகரிடம் ஸ்பேனர் கேட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. அவர் பூட்டி வைத்திருந்த நட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட இம்மியும் அசையவில்லை. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா சார், எம்மேல நம்பிக்க இல்லியா?"

நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இங்க என் கைய நம்பி பொட்டு வெக்கிறீங்க சார். ஊட்ல யார் கைய நம்பி வெச்சீங்க?"

அத்தனை லாரிகளும் என் பொட்டால் நிற்கின்றன என்று நினைத்திருந்தேன். அவை அவர் கையால் நின்றிருக்கின்றன.

அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை ஸ்பேனர் வைத்துப் பார்க்காமல் நான் பொட்டு வைத்ததில்லை. லைன் மெதுவாகப் போகிறது என்று ஃபோர்மேன் முணுமுணுத்தார், முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பெயிண்டைப் பார்க்காதீர்கள், நட்டைத் தொடுங்கள். நீங்களே செய்த வேலையை மட்டும் நீங்களே பாஸ் பண்ணாதீர்கள்.

எங்கள் வண்டிக்கு அதன்பின் இன்ஸ்பெக்டர் சரோஜாதான். நான் சர்வீஸ் முடித்ததும் அவள் ஏறி உட்கார்ந்து, பெடலை மிதித்தபடி வாய்க்குள் ஐம்பது வரை எண்ணுவாள். அதுவரை நான் கைகட்டி வாசலில் நிற்பேன், தெருவே பார்க்கும். பெடல் மெல்லக்கூட உள்ளே போகவில்லை என்று தெரிந்த பிறகுதான் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பாள்.

"ராதா, வா. வந்து ஏறு."