பகிடிக்கு வைத்த விறகு

போன மாதம் மட்டக்களப்பு டவுனில் வாவியோரமாகத் திறந்திருக்கும் ஒரு புது ஹோட்டலுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். மகளின் இளையவனுக்குப் பிறந்தநாள். எனக்கோ பொழுதுபட்டால் கஞ்சி தவிர வேறெதுவும் வயிற்றில் நிற்காது. "சும்மா வந்து குந்துங்க அம்மா, காத்துப் படட்டும்" என்றாள் மகள். குந்தினேன். காற்றோடு புகையும் வந்தது.

புல்தரையில் ஓர் இரும்புப் பரலை, அதுதான் எண்ணெய்ப் பீப்பாயை, நெடுக்காகப் பிளந்து, கால் வைத்து, கறுப்பு மை பூசி நிறுத்தியிருந்தார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட பொடியன் ஒருவன் மூடியைத் திறப்பதும் கோழியைப் புரட்டுவதுமாக நின்றான். திறக்கும் ஒவ்வொரு தரமும் முகத்தைக் கொண்டுபோய்ப் புகைக்குள்ளேயே வைத்தான். "டேய், மூஞ்சிய அங்கால எடு!" என்று கத்திவிட்டேன். எல்லா மேசைகளும் திரும்பிப் பார்த்தன. "அம்மாவுக்கு வயசு போயிட்டுது" என்று மகள் பக்கத்து மேசைக்குச் சமாதானம் சொன்னாள். போய்விட்டதுதான். அதற்காக அந்தப் பொடியனின் கண்ணை நினைத்து நான் பயப்படக் கூடாதா?

அந்த நாளில் பரல் என்பது எங்கள் ஆரையம்பதியில் பெரிய சாமான். உலக யுத்த காலம். அரிசி கூப்பனுக்கு வந்துவிட்டது, மண்ணெண்ணெய்க்கு வரிசை, சோற்றுக்குப் பதிலாகப் பஜிரி என்கிற கம்பு. டவுனுக்கு அப்பால் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் கேம்ப் போட்டிருந்தார்கள். அங்கிருந்து வெளியே வருகிற வெறும் பெற்றோல் பரலுக்குக் கல்யாண மாப்பிள்ளைக்கு இருக்கிற கிராக்கி. நான் அப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அரிவரி வகுப்புக்குப் புதிதாக வந்த ரீச்சர். வெயில் இல்லாத நாளிலும் குடை பிடித்துத்தான் நடப்பேன். 'ஆனா, ஆவன்னா' சொல்லிக்கொடுத்ததற்கே உலகத்தைக் கரைத்துக் குடித்தவள் என்ற நினைப்பு.

அக்காவின் புருசனான அத்தானுக்கு அப்படி ஒரு பரல் கிடைத்தது கேம்ப் குசினியில் வேலை செய்த ஒரு பறங்கிக் கிழவரால். டவுன் சந்தையில் அத்தான் மீன் விற்கும்போது ஏற்பட்ட பழக்கம். கிழவர் சொன்னாராம்: "தம்பி, இந்த வெள்ளக்காரனுகள் தங்கட ஊர்ல மீனப் புகையில தொங்கவிட்டுத்தான் திங்கிறானுகள். நம்மட கருவாட்டக் கண்டா மூக்கப் பொத்துறான். நீ பதமாப் புகை போட்டுத் தா, மாசம் முழுக்க வாங்க வெக்கிறது என்ர பொறுப்பு." சொன்னதோடு நிற்காமல் ஒரு பரலையும் உருட்டிவிட்டார். அத்தான் அதை வண்டில்காரனிடம் கெஞ்சி ஏற்றி வந்து எங்கள் வீட்டு வளவில் இறக்கினார்.

அம்மா வாசலில் நின்று பார்த்தா. "மருமகன் சொத்துக் கொண்டந்திருக்காரு. வாங்க புள்ளையள், வந்து பாருங்க" என்று எங்களைக் கூப்பிட்டா. அத்தான் சிரித்தார். எதற்கும் வாய் நிறையச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அம்மாவுக்கு அறவே பிடிக்காது.

உங்களுக்கு எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாமல் இருக்கலாம். இங்கே பெண் போய் வாழ்வதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். வீடு மூத்த பெண்ணுக்கு. அவளுக்குக் கல்யாணமானதும் தாய் தன் சட்டிபானையை எடுத்துக்கொண்டு வளவுக்குள் ஒரு சின்னக் கொட்டிலுக்கு ஒதுங்கிவிட வேண்டும். என் அக்காவுக்குச் சின்ன வயதில் அம்மாள் வருத்தம் போட்டு, முகம் முழுவதும் குழி குழியாகப் போய்விட்டது. ஊருக்குள் ஒருவனும் கேட்டு வரவில்லை. கடைசியில் மாங்கேணியிலிருந்து அத்தான் வந்தார். அம்மா ஒதுங்கவில்லை. "ஊர் பேர் தெரியாதவனுக்கு நான் எப்பிடி வீட்ட விடுறது? தொழிலக் காட்டட்டும். சித்திர வருசத்துக்குள்ள காட்டாட்டி, வந்த பாயச் சுருட்டிக்கிட்டு வந்த வழியே போகட்டும்" என்று அக்காவுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டா. அக்காவுக்கு வீடு பெரிதில்லை. தன் முகத்தை நேரே பார்த்துப் பேசுகிற ஒரு மனிதன் வாய்த்திருக்கிறான், அவன் போய்விடக்கூடாது. அவளுக்கு அதுதான் நெஞ்சு முழுவதும்.

எனவே அந்தப் பரலில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தான் முதலில் அதற்குள் வைக்கோலைத் திணித்துக் கொளுத்திப் பெற்றோல் நாற்றத்தை எரித்தார். பிறகு மணலும் தேங்காய்ப் பொச்சும் போட்டு உரசு உரசென்று உரசிக் கழுவினார். உளியும் சுத்தியலுமாக மேல் தகட்டை வெட்டி எடுத்தார். அந்தச் சத்தத்தில் என் வகுப்புப் பிள்ளைகளின் கொப்பியைக்கூடத் திருத்த முடியவில்லை. அடியில் ஒரு முழ அகலத்துக்கு வாசல் வெட்டி, பழைய பெட்டகத்தின் பிணைச்சலைப் பூட்டிக் கதவாக்கினார். உள்ளே குறுக்காகக் கம்பிகள். கம்பியில் மீனைச் செவிளில் கோத்துத் தொங்கவிட்டு, மேலே நனைத்த சாக்கைப் போர்த்திவிட வேண்டும். அடியில் பொச்சுமட்டை நெருப்பு, அதற்குமேல் கண்ணா விறகு. கண்ணா வாவிக் கரையில் சேற்றுக்குள் நிற்கிற மரம். அதன் புகைக்கு நல்ல நிறமும் மணமும் உண்டு. அக்கா பக்கத்திலேயே குந்தியிருந்து கம்பி பிடித்துக் கொடுத்தாள். கல்யாணமாகி அவள் பாட்டுப் பாடி நான் கேட்டது அந்த நாட்களில்தான்.

இனி அண்ணன். எங்கள் வீட்டில் அவன்தான் மூத்தவன். அண்ணனை 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா செத்த பிறகு வீட்டில் ஆம்பிளை என்று இருந்தவன் அவன் ஒருவன்தான். கையைக் காலை அசைக்கமாட்டான். ஆனால் முதல் சோறு அவனுக்குத்தான் போட வேண்டும். அத்தான் வந்ததும் அந்த முதல் சோறு மருமகனுக்குப் போனது, முறைக்காகவாவது. அண்ணன் அதை மறக்கவில்லை.

மச்சானுக்கு மச்சான் பகிடி விடுவது எங்கள் ஊரில் உரிமை. கல்யாண வீட்டில் தொடங்கும். மாப்பிள்ளையின் தேத்தண்ணிக்குள் உப்பு, பாய்க்குள் காஞ்சோண்டி இலை, குந்துகிற கதிரையில் ஒரு கால் இல்லை. மாப்பிள்ளை கோபிக்கக் கூடாது. கோபித்தால் ஊரே சிரிக்கும், அற்பன் என்று பெயர் வைத்துவிடும். சிரித்துக்கொண்டே ஏற்கிறவன்தான் மனிசன். அண்ணன் கல்யாணம் முடிந்து மாதக்கணக்காகியும் விடவில்லை. அத்தானின் உடம்பு காஞ்சோண்டியால் தடித்துச் சிவந்த நாட்களில் நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். பகிடிதானே.

பரல் முடிந்து, முதல் முதலாகப் புகை போட்ட நாள் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பின்னேரம் பறங்கிக் கிழவர் வந்து ருசி பார்ப்பதாக ஏற்பாடு. விடியவே அத்தான் வாவியில் இறங்கி நல்ல கொடுவாய் மீனாகக் கொண்டுவந்தார். அக்கா வகுந்து, உப்புப் போட்டு, ஒவ்வொன்றாகக் கோத்தாள். நெருப்பு மூட்டுகிற நேரம் அண்ணன் தானாக வந்தான். "நீங்க போய்க் கை கால் கழுவிட்டு வாங்க மச்சான், நான் விறகு அடுக்கிறன்" என்றான். அவன் வாயால் வேலை செய்கிறேன் என்று சொன்னதைக் கேட்டு அக்காவுக்கு அப்படி ஒரு சந்தோசம். எனக்கும்தான்.

புகை எழும்பவில்லை. அத்தான் வந்து பார்த்தார். "நெருப்பு மங்குது மச்சான். தலைய உள்ளுக்கு விட்டு நல்லா ஊதுங்க" என்றான் அண்ணன். அத்தான் முழங்காலில் நின்று, வாசலுக்குள் முகத்தை வைத்து, கன்னம் உப்ப ஊதினார். சாம்பல் நிறத்தில் ஒரு புகை குப்பென்று அவர் முகத்தில் அடித்தது. அவர் "ஐயோ" என்று சொல்லவில்லை. "தில்லை" என்றார். ஒரு சொல்தான். பிறகு மண்ணில் விழுந்து புரண்டார்.

தில்லையும் கண்ணாவோடு சேர்ந்து அதே சேற்றில் நிற்கிற மரம். அதன் பால் பட்டால் கண் போகும். எரித்தால் புகையும் கண்ணைப் பறிக்கும். வாவிக் கரையில் தவழுகிற பிள்ளைக்கும் இதைத்தான் முதலில் சொல்லி வளர்ப்பார்கள். அண்ணன் தில்லைக் கட்டை இரண்டைப் பிளந்து, பொச்சுமட்டைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தான். திறந்த வெளியில் என்றால் காற்று கொண்டுபோயிருக்கும். பரலின் வாயை நனைத்த சாக்கு அடைத்திருந்ததால் புகைக்குப் போக வேறு வழியில்லை. அத்தான் வெட்டிய அந்த வாசல் ஒன்றுதான்.

அக்கா தண்ணீர் ஊற்றினாள், தயிர் வைத்துக் கட்டினாள், பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஓடிப்போய்த் தாய்ப்பால் வாங்கி வந்து கண்ணில் விட்டாள். "டவுன் ஆசுபத்திரிக்குக் கொண்டு போவம்" என்று அம்மாவின் காலைப் பிடித்தாள். "கொண்டுபோனா ஆரு செஞ்சதெண்டு கேப்பான். மறுகா பொலிசு வரும். கண் எரிவுதானே, தண்ணி வடிஞ்சா சரியாப் போகும்" என்றா அம்மா. தண்ணீர் வடிந்தது, பிறகு சீழும் வடிந்தது. கடைசியில் அக்காவே வண்டில் பிடித்துக் கொண்டுபோனபோது, நேரத்தோடு வந்திருந்தால் ஒரு கண்ணையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னாராம்.

சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். அத்தான் கண்ணில் கட்டோடு பாயில் இருந்தார். ஒரு பெரியவர் அண்ணனைப் பார்த்து, "என்னடா இது?" என்றார். "பகிடிக்குச் செஞ்சது. ரெண்டு குதி குதிப்பாரெண்டு நெனச்சன்" என்றான் அண்ணன், சாதாரணமாக. எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதற்காகவே அந்தக் கூட்டம் காத்திருந்தது. அத்தான் முகத்தைச் சத்தம் வந்த பக்கம் திருப்பிச் சிரித்தார். அதே வாய் நிறைந்த சிரிப்பு. "இந்த முறை மச்சான் வெண்டுட்டார்" என்றார். கூட்டத்துக்கு நிம்மதி. சிலர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். வெற்றிலைத் தட்டு சுற்றியது.

அன்றைக்குத்தான் எனக்கு என் ஊரின்மேல் வெறுப்பு வந்தது. இன்று வரை முழுதாகப் போகவில்லை.

இது நடந்த வீட்டிலேயே, அந்தக் கூட்டம் கலைந்த மறுநாள் வேறொன்றும் நடந்தது. அண்ணன் பரலைக் கழுவி, நல்ல கண்ணா விறகு போட்டு, அத்தான் சொல்லியிருந்த பக்குவத்திலேயே புகை பிடித்தான். முதல் தரம் வெறுங்கையோடு திரும்பிய பறங்கிக் கிழவர் மறுபடி வந்தார், ருசி பார்த்தார், தலையை ஆட்டினார். "ஆரு செஞ்சது?" என்று கேட்டதற்கு, "நாந்தான்" என்றான் அண்ணன். அத்தானுக்கு எல்லாம் கேட்டது. அன்றிலிருந்து கேம்ப் எங்கள் வீட்டு மீனைத் தின்றது. நானும் தின்றேன். மிக ருசியாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

சித்திரை வருசம் வந்தது. அம்மா சொன்னதை மறக்கவில்லை. "குருடனுக்குச் சோறு போட என்னால ஒண்ணா. அவர் அவர்ர தாயிட்டப் போகட்டும்" என்றா. அக்கா அழத் தொடங்கினாள். அம்மா அவள் பக்கம் திரும்பி, "நீ ஏங்கா அழுகிறாய்? உனக்கென்ன குறை? இனி உன்ர மூஞ்சிய அவர் பாக்கத் தேவல்லையே" என்றா. தாய் ஒருத்தி தன் வயிற்றில் பிறந்ததைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது. அக்கா அழுகையை நிறுத்தினாள். உள்ளே போய்த் தன் இரண்டு சேலையையும் அத்தானின் பாயையும் எடுத்து வந்தாள். அத்தானின் கையில் ஒரு கம்பின் நுனியைக் கொடுத்து, மறுநுனியைத் தான் பிடித்துக்கொண்டு வாசல் படலையைத் தாண்டினாள். பெண் போய் மாப்பிள்ளை வீட்டில் வாழ்வதா என்று தெருவில் நின்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். வீடு எனக்கு வந்தது. என் கல்யாணமும் அந்த வீட்டில்தான் நடந்தது.

பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. யுத்தம் முடிந்து பட்டாளம் கப்பலேறியது. வாங்க ஆளில்லாமல் பரல் மாட்டுத் தண்ணித் தொட்டியாகி, துருப்பிடித்து உதிர்ந்தது. அண்ணன் கல்யாணம் கட்டி வேறு ஊருக்குப் போய், அங்கே அவனுடைய மச்சான்மாரின் பகிடியால் ஒரு வருசம் உப்பில்லாத தேத்தண்ணி குடித்ததில்லை என்று கேள்வி. எனக்கு அது போதவில்லை. இப்போதைய மச்சான்மார் கை குலுக்கிக்கொள்கிறார்கள். காஞ்சோண்டி என்றால் என்னவென்று கேட்கிறார்கள். கேட்கட்டும். அந்த வழக்கம் செத்ததற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை.

அம்மா கண்ணை மூடியபோது, அக்காவுக்கு நேரில் சொல்ல வேண்டும் என்று மாங்கேணிக்குப் பஸ் ஏறினேன். கடற்கரையில் ஓலைக் குடிசை. அத்தான் வாசலில் கால் நீட்டி இருந்து, விரலால் தடவித் தடவிக் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அக்கா மீன் காயவைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் செத்தவீட்டு வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் அவளுக்கு விசயம் விளங்கியிருக்கும். விரலை உதட்டில் வைத்தாள். பேசினால் என் குரலை அவர் கண்டுபிடித்துவிடுவார்.

"ஆரு புள்ள அது?" என்றார் அத்தான்.

"ஆரோ ஒராள், பஸ்ஸுக்கு வழி கேக்கிறாவு" என்றாள் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, அவருக்குக் கேட்கிற மாதிரி உரத்துச் சொன்னாள்: "இப்பிடியே நேர போங்க. சந்தியில கிறுகினா பஸ் வரும்."

"வெயிலுக்க நடந்து வந்திரிக்காவு. தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லு" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

அக்கா என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவருக்குப் பதில் சொன்னாள்.

"அவ போயிட்டா."